கிளீட்டஸ் மாமாவின் பங்கு

புன்னைத்துறைப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஒரு கால் குட்டை. ஞானதாசன் சார் அந்தக் காலுக்கு அடியில் ஓர் ஓட்டுத்துண்டை வைத்துச் சரிக்கட்டி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பாடம் நடத்துவார். அவர் அசைந்தால் நாற்காலியும் ஆடும். நாற்காலி ஆடினால் நாலாம் வகுப்பு சிரிக்கும். நாலாம் வகுப்பு சிரித்தால் பிறகு அன்றைக்குப் பாடம் நடந்த மாதிரிதான்!

அப்படிப்பட்ட நாற்காலியில் வெள்ளிக்கிழமை வேறொருவர் உட்காரப் போகிறார் என்று சார் சொன்னதும் வகுப்பே வாயைப் பிளந்தது.

"ஆரு சார்?" என்று கேட்டான் செல்வன். வகுப்பிலேயே சின்னவன் அவன்தான். கேள்வி கேட்பதில் பெரியவனும் அவன்தான்.

"நம் ஊர் கிளீட்டஸ். பெரிய சண்டையில் பஸ்ரா வரைக்கும் போய் வந்தவர். இப்போது ரிசர்வ் பட்டாளத்தில் இருக்கிறார். அவருக்கு நம் வகுப்பு மரியாதை செய்யப் போகிறது. மாலை, பாட்டு, அணிவகுப்பு எல்லாம் உண்டு" என்றார் சார்.

மூன்றாவது வரிசையில் இருந்த விக்டோரியாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கிளீட்டஸ் அவளுடைய அப்பா. பக்கத்தில் இருந்த கிளாரா அவளை முழங்கையால் இடித்தாள். "ஏட்டி, உங்க அப்பாவுக்குல்லா மாலை!" என்றாள். தனக்கே மாலை விழப் போவதுபோல் அவளுக்குச் சந்தோஷம்.

"ரிசர்வ் பட்டாளம்னா என்ன சார்?" செல்வன் விடவில்லை.

சார் வடசேரிக்காரர். கடற்கரைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "வள்ளத்தில் போகும்போது கூடுதலாக ஒரு துடுப்பு வைத்துக்கொள்வீர்கள் அல்லவா? அதுபோலத்தான். சண்டை இல்லாதபோது வீட்டில் இருந்து தொழில் பார்ப்பார்கள். சர்க்கார் கூப்பிட்டால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். இடையிடையே பெங்களூருக்குப் பயிற்சிக்கும் போய்வர வேண்டும்."

"அப்பம் கிளீட்டஸ் மாமா ஒரு துடுப்பு!" என்றான் செல்வன். வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். நாற்காலி ஆடியது.

செவ்வாய்க்கிழமை பாட்டுப் பழகினார்கள். புதன்கிழமை காகிதக் கொடி ஒட்டினார்கள். அன்று சாயங்காலமே கிளீட்டஸ் மாமாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சி, உடனே புறப்பட வேண்டும்.

வியாழக்கிழமை விடியற்காலை அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டியில் ஏறினார். விக்டோரியாவும் கிளாராவும் வண்டிக்குப் பின்னால் ஊர் எல்லை வரைக்கும் ஓடினார்கள்.

"நாளைக்கு உங்களுக்கு மரியாதை மாமா! போகாதீங்க!" என்று கத்தினாள் கிளாரா.

"கூப்பிட்டா போவாம முடியுமா மக்கா? நாற்காலிய எனக்காகக் காலியா வச்சிருங்க. வந்து இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே கையசைத்தார் அவர்.

வேறு யாராவது என்றால் அதை வேடிக்கைப் பேச்சு என்று விட்டிருப்பார்கள். கிளாரா அப்படி விடுகிற பெண் இல்லை. நேரே சாரிடம் போனாள்.

"சார், மாமா இல்லாட்டி என்ன? நாற்காலிய காலியா வச்சு மரியாதை செய்வோம். அவரோட பழைய பட்டாளத் தொப்பி விக்டோரியா வீட்டுப் பெட்டியில இருக்கு. அதை நாற்காலியில வச்சு மாலை போடுவோம். ரெண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்துனா இன்னும் நல்லா இருக்கும்!"

சாருக்கு யோசனை பிடித்துப் போனது. பாவம், அவருக்குத் தெரியவில்லை. கிளாராவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. நாற்காலியில் காக்கித் தொப்பி. தொப்பிக்குச் செவ்வரளி மாலை. இரண்டு பக்கமும் மெழுகுதிரி. நாலாம் வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்து நின்று, சார் சொல்லிக்கொடுத்த பாட்டை மெல்லிய குரலில் பாடியது. அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு மாலையைக் கொண்டுபோய்க் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்பது விக்டோரியாவின் திட்டம்.

அந்த நேரம் பார்த்துத்தான் விக்டோரியாவின் அம்மா வியாகுலம்மாள் பனையோலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனாள். பாட்டுச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

நவம்பர் மாதம் ஆத்துமாக்களின் மாதம். செத்துப் போனவர்களுக்காக ஊரில் வீட்டுக்கு வீடு மெழுகுதிரி எரியும். அந்த மாதத்தில் புருஷனுடைய தொப்பிக்கு மாலை போட்டு, திரி கொளுத்தி, பிள்ளைகள் தலைகுனிந்து நின்றால் ஒருத்தி என்ன நினைப்பாள்?

"ஐயோ! எம் மாப்பிளையே! என்ன உட்டுட்டுப் பெயிட்டீரே!"

கடவம் ஒரு பக்கம் உருண்டது. அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. "கிளீட்டஸ் போயிட்டானாம்!" என்று ஒருவர் சொல்ல, "பெங்களூர்ல குண்டு பட்டுச்சாம்!" என்று அடுத்தவர் தன் பங்குக்குச் சேர்க்க, கோவில் மணி அடிக்கிற மத்தியாஸ் எதையும் விசாரிக்காமல் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்துவிட்டார்.

டண்... டண்... டண்... விட்டுவிட்டு அடிக்கும் துக்கமணி.

துக்கமணி கேட்டால் புன்னைத்துறையில் யாரும் வலை போடமாட்டார்கள். போன வள்ளமும் திரும்பிவிட வேண்டும். அதுதான் ஊர்க்கட்டு. அன்று கரமடி வலையை ஏற்றிக்கொண்டு போயிருந்த சிலுவைமுத்துவின் வள்ளமும் பாதியில் திரும்பியது. கரமடி என்றால் சின்ன வலை இல்லை. கடலில் வளைத்துப் போட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிற பெரிய வலை. மீன் வந்து சேருகிற அதன் பைதான் மடி.

வலைக்குச் சொந்தக்காரரான சிலுவைமுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். "செத்தது ஆரு சாரே?"

"யாரும் சாகவில்லை" என்றார் சார்.

"அப்பம் மணி என்னத்துக்கு?"

"அது... மரியாதை" என்றார் சார்.

"மரியாதையா! கடல் கறுத்துக் கெடந்துது சாரே, அவ்வளவு சாளை! மடி நெறைய வந்திருக்கும். மணியக் கேட்டுத் திரும்பிட்டோம். உம்ம மரியாதையில ஊருக்கே மீன் போச்சு!"

வியாகுலம்மாள் அழுகையை நிறுத்தினாள். நிறுத்திய வேகத்திலேயே கோபம் வந்தது. தொப்பியை எடுத்து இடுப்பில் செருகினாள். விக்டோரியாவின் கையைப் பிடித்தாள். "உசுரோட இருக்கவருக்குத் திரி கொளுத்துன பள்ளிக்கூடத்துக்கு எம் பிள்ள இனி வராது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

விக்டோரியா போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கிளாரா இரண்டு மெழுகுதிரியையும் ஊதி அணைத்தாள்.

திங்கட்கிழமை விக்டோரியா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பக்கத்து இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்கக் கிளாராவுக்கு அழுகையாக வந்தது. மெழுகுதிரி யோசனை யாருடையது? அவளுடையதுதானே? சாயங்காலம் மணி அடித்ததும் விக்டோரியா வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழலில் பெண்கள் தேங்காய் நார் திரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு விக்டோரியாவும் இருந்தாள். அவளுடைய உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"எம்மேல கோவமா இருக்கியா?" என்று கேட்டாள் கிளாரா.

"இல்ல" என்றாள் விக்டோரியா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் இருக்கு" என்றாள்.

"அப்பம் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவியா?"

விக்டோரியா நாரைத் திரித்துக்கொண்டே அடுப்படியைப் பார்த்தாள். அங்கிருந்து வந்த வியாகுலம்மாள்தான் பதில் சொன்னாள். அவளுக்குக் கோபம் அதற்குள் ஆறிப்போயிருந்தது.

"ஒம்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல மக்களே. நீ நல்ல மனசோடதான் செஞ்ச. நானும் அவசரப்பட்டுக் கூப்பாடு போட்டேன். அதில்ல காரியம். அவரு ஊர்ல இருந்தா கரமடிக் கயித்துல ஒரு கை இருக்கும். கை இருந்தா பங்கு வரும். இப்பம் கையும் இல்ல, பங்கும் இல்ல. விக்டோரியா நார் திரிச்சாத்தான் ராத்திரி கஞ்சி. பள்ளிக்கூடத்துக்கு எங்க போவ?"

கிளாரா வெளியே வந்தாள். கடற்கரை மணலில் நடந்தாள். அவளுடைய மனசுக்குள் அந்த ஒரு பேச்சு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. கயிற்றில் ஒரு கை இருந்தால் பங்கு வரும். மாலை போட்டோம், பாட்டுப் பாடினோம், கொடி பிடித்தோம். கயிற்றைப் பிடித்தோமா?

சட்டென்று நின்றாள். அப்புறம் ஓட்டம்தான். கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த சிலுவைமுத்துவின் முன்னால் போய்த்தான் நின்றாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். கிளீட்டஸ் மாமாவோட கைக்குப் பதிலா நாங்க கயிறு பிடிச்சா அவங்க வீட்டுக்குப் பங்கு குடுப்பியளா?"

"நாங்கன்னா ஆரு?"

"நாலாம் வகுப்பு."

சிலுவைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க வகுப்பால எனக்கு ஒரு மடி சாளை போனது போதாதா? ஏட்டி, ஒரு ஆம்பளக் கைக்கு ஒரு பங்கு. அதுதான் இந்தக் கரையில வழக்கம். பொம்பளப் பிள்ளைய கயிறு பிடிக்கிற வழக்கமே இல்ல."

"நான் எனக்கா கேட்டேன்? எங்க எல்லாத்துக்கும் சேத்து ஒரே பங்கு. நாங்க பிடிக்கிறது கிளீட்டஸ் மாமாவோட கை. அது ஆம்பளக் கைதான பெரியப்பா?"

சிலுவைமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. தாடையைச் சொறிந்தார். அப்புறம் வலையைப் பார்த்தார், அப்புறம் கடலைப் பார்த்தார்.

"பேச்செல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "சரி, சனியாழ்ச்ச காலத்த வாங்க. ஆனா ஒண்ணு. மடி கரை ஏறுகது வரைக்கும் ஒத்தப் பிள்ளகூட கயித்துலேருந்து கைய எடுக்கப்பிடாது. எடுத்தா பங்கு கெடையாது. அழப்பிடாது கேட்டியா?"

மறுநாள் கிளாரா வகுப்பில் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். சார் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு, "நானும் வரலாமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் வராததுமாக நாலாம் வகுப்பு கடற்கரையில் நின்றது. சார் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கடைசி ஆளாக விக்டோரியாவும் ஓடி வந்து கிளாராவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள். கிளாரா திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

வள்ளம் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தது. "ஏலோ... ஏலேலோ!" என்று சிலுவைமுத்து குரல் கொடுத்தார். பெரியவர்கள் முன்னால் இழுக்க, பிள்ளைகள் பின்னால் இழுத்தார்கள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, கடல் விளையாடவில்லை என்று. இவர்கள் ஒரு முழம் இழுத்தால் அலை அரை முழத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. உப்பில் ஊறிய கயிறு உள்ளங்கையை அரம்போல அராவியது.

"கை எரியுது சார்" என்றாள் ஒருத்தி.

"எனக்கும்தான்" என்றார் சார். அவர் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

பிள்ளைகளுடைய கவனத்தைத் திருப்ப என்ன செய்யலாம் என்று யோசித்தார் சார். வாத்தியார் அல்லவா, அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூச்சு வாங்க வாங்க வருகைப் பதிவு எடுக்கத் தொடங்கிவிட்டார்.

"கிளாரா!"

"ஆஜர் சார்!"

"விக்டோரியா!"

"ஆஜர் சார்!"

"செல்வன்!"

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்க வேண்டும். பழக்கம் சும்மா விடுமா? செல்வனின் வலது கை கயிற்றை விட்டுக் கிளம்பப் பார்த்தது.

"கையத் தூக்காதல!" என்று வகுப்பே அலறியது.

செல்வன் பயந்துபோய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்துவிட்டது. துண்டைப் பிடிப்பதா, கயிற்றைப் பிடிப்பதா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு நொடி யோசித்தான். துண்டு மணலில் விழுந்தது. கை கயிற்றிலேயே இருந்தது.

"ஆஜர் சார்!" என்று கத்தினான்.

கரையே சிரித்து உருண்டது. சிலுவைமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "லே, பட்டாளத்துக்காரன்னா இவந்தாம்ல!" என்றார். சார் தன் தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்து இழுத்துச் செல்வன்மேல் தூக்கிப் போட்டார். அவரும் கையை எடுக்கவில்லை.

ஒருவழியாக மடி கரை ஏறியது. உள்ளே சாளை துள்ளியது, வெள்ளி வெள்ளியாக. சிலுவைமுத்து சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கயிற்றை விட்டார்கள். விட்டதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மீனைக் குவித்துப் பங்கு பிரித்தார்கள். கோவில் பங்கு, வலைப் பங்கு, வள்ளக்காரர் பங்கு. பிறகு கயிறு பிடித்தவர்களுடைய பேரைச் சிலுவைமுத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட, ஒவ்வொருவரும் வந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு குவியல் மிச்சம் இருந்தது. மற்றவர்களுடைய பங்கைவிட ஒரு மீன்கூடக் குறையாத குவியல். சிலுவைமுத்து நிமிர்ந்து நின்று, கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"கிளீட்டஸ்!"

ஊரில் இல்லாத ஆளின் பேரை அந்தக் கரையில் அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. விக்டோரியா கிளாராவின் கையைப் பிடித்தாள். கூட்டத்துக்குப் பின்னால் கடவத்தோடு நின்ற வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆஜர் சார்!" என்று கத்தினாள் கிளாரா. அவ்வளவுதான், வகுப்பு முழுக்கச் சேர்ந்துகொண்டது. "ஆஜர்! ஆஜர்!" என்ற சத்தத்தில் வள்ளத்தின்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்து போயின.

திங்கட்கிழமை விக்டோரியா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கரமடி இறங்கிய நாளெல்லாம் பள்ளிக்கூட மணிக்கு முன்னால் நாலாம் வகுப்பு கயிற்றில் நின்றது. நார் திரிக்கிற வேலை விக்டோரியாவுக்கு இல்லாமல் போனது. கயிறு இழுத்து முடிந்ததும் வியாகுலம்மாள் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். அதைச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் தூங்கியவர்களில் சாரும் ஒருவர். அதை யாரும் வெளியில் சொல்லவில்லை.

டிசம்பர் பிறந்து சில நாள் கழிந்திருக்கும். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. காக்கிச் சட்டை, பளபளப்பான பொத்தான், தலையில் அதே பழைய தொப்பி. கிளீட்டஸ் மாமா!

சார் துள்ளி எழுந்து நாற்காலியைத் துண்டால் தட்டினார். "வாருங்கள், வாருங்கள்! உங்களுக்காகத்தான் காலியாக வைத்திருந்தோம். உட்காருங்கள்."

கிளீட்டஸ் மாமா உட்காரவில்லை. வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் எழும்பி வரிசையா நில்லுங்க மக்கா. கைய நீட்டுங்க" என்றார்.

பட்டாளத்தில் பெரிய அதிகாரி பார்வையிடுவதுபோல் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் நின்று உள்ளங்கையைப் பார்த்தார். எல்லாக் கையும் காய்த்துப் போயிருந்தது. கிளாராவின் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

செல்வனின் முறை வந்தது. "இவந்தானா துண்ட விட்டவன்?" என்று கேட்டார்.

"துண்டத்தான் விட்டேன் மாமா, கயித்த விடல்ல" என்றான் செல்வன் ரோஷமாக.

"சார்" என்று கூப்பிட்டாள் கிளாரா. "இன்னைக்கு நீங்க இன்னும் பேர் கூப்பிடல்ல."

உண்மையில் காலையிலேயே கூப்பிட்டாகிவிட்டது. ஆனால் சாருக்குப் புரிந்தது. வரிசையாக எல்லாப் பேரையும் மறுபடி கூப்பிட்டார். ஆஜர், ஆஜர் என்று பதில் வந்தது. செல்வனுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு, குரலை உயர்த்தினார்.

"கிளீட்டஸ்!"

கிளீட்டஸ் மாமா குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். நாலாம் வகுப்பைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். அந்தச் சல்யூட்டில் குட்டைக்கால் நாற்காலிகூட ஒருமுறை ஆடியது.

"ஆஜர் சார்!"